பெட்டியடிக்கு வந்த செய்தி: ஒரு மெசஞ்சர் அப்டேட் படுத்திய பாடு

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, ஆத்தங்குடித் தரைக்கல் செய்து விற்கும் ஒரு கடையில், கணக்கப்பிள்ளை அண்ணன் கம்ப்யூட்டர் மெசஞ்சரில் பட்டறைக்கு ஒரு செய்தி எழுத ஆரம்பித்தார். முதல் வரி ‘சிவப்புப் பூ, 10 அங்குலம், 200’. அடுத்த வரிக்குப் போக எண்டரைத் தட்டினார். இரண்டாவது வரி ‘என்று நேற்று போனில் சொன்னது தவறு, 8 அங்குலம்தான், அதே 200’. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே செய்தி. ஆனால் ஞாயிறு இரவு நான் போட்டுவிட்டுப் போன புதுப் பதிப்பில் எண்டர் தட்டினாலே செய்தி போய்விடும். பழையதில் கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்தினால்தான் போகும். பட்டறைத் திரையில் முதல் வரி மட்டும் விழுந்தது, மேஸ்திரி படித்தார், 10 அங்குலச் சட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டுச் சாயம் கலக்கப் போய்விட்டார். இரண்டாவது வரி வந்தபோது திரைக்கு முன்னால் ஆளில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் 46 கல் கண்ணாடியில் ஏறிவிட்டது.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருந்தால் இதன் வலி புரியும். கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் தகரத்தில் வளைத்த பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் சாயக் குழம்பைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அச்சை எடுத்தபின் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி வைப்பார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். ஊற்றியதைத் திருப்பி எடுக்க முடியாது, ஒரு கலவையில் வந்த சிவப்பு மறு கலவையில் அப்படியே வராது. அந்த 46 கல் இன்னும் பின்கட்டில் அடுக்கிக் கிடக்கிறது. நான் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைக் காட்டாமல் விடுவதில்லை.

வீடும் வயரும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், பெயர் வேண்டாம். ஷோரூம், ஆபீஸ், குடோன் எல்லாம் கடைக்காரர்களுடைய பெரிய வீட்டுக்குள்தான். செட்டிநாட்டு வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். இங்கே முகப்பில் ஷோரூம், பட்டாலை என்கிற கூடத்தில் பெட்டியடி, அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்து இடம், வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் ஒன்றில் கணக்கு, ஒன்றில் வீட்டுக்கார ஆச்சி, கடைசிக் கட்டில் பேக்கிங், பின்தெருவைத் தாண்டினால் பட்டறை. ஆறு இடம், ஆறு கம்ப்யூட்டர். முகப்பிலிருந்து கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது. நடந்து போய் ஸ்டாக் கேட்டுவிட்டு வருவதற்குள் வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்.

வைஃபை வைக்கலாமே என்று கேட்பவர்கள் ஒருமுறை வந்து அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கலாம். சில இடத்தில் இரண்டு அடிக் கனம். வளவில் ரவுட்டர் வைத்தால் பட்டாலை வரை வரும், அடுத்த கட்டின் நிலைப்படியோடு நின்றுவிடும். சுவரைத் துளைக்கலாமா என்று ஆச்சியிடம் கேட்டேன். “முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசுன செவுரு தம்பி, அதுல டிரில்லா?” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அதனால் பர்மாத் தேக்கு உத்தரங்களை ஒட்டி, ஆணி அடிக்காமல், கயிற்றால் கட்டிக் கேபிள் ஓடுகிறது. பின்தெருவைத் தாண்ட மட்டும் வேப்பமரத்தின் தயவு.

இந்தக் கேபிளில்தான் 12 வருஷமாக ஒரு லேன் மெசஞ்சர், அதாவது ஓரிடத்துக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் நிரல், ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் பெயர் வேண்டாம், ஆனால் எந்த வகை என்று சொல்லிவிடுகிறேன். 1996-இல் ஜப்பானில் ஹிரோவாகி ஷிரோஸு எழுதிய ஐபி மெசஞ்சர் இந்த வகையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. நடுவில் சர்வர் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஆன் ஆனதும் ‘நான் இருக்கேன்’ என்று நெட்வொர்க் முழுக்க ஒரு குரல் கொடுக்கும், மற்றவை ‘நானும் இருக்கேன்’ என்று பதில் சொல்லும், பட்டியல் தயாராகிவிடும். இன்டர்நெட் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். ஒரே குறை, எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் செய்தி போய்ச் சேராது.

மெசஞ்சர்கள் செத்துப்போவது ஆச்சிக்குப் பழகிய விஷயம். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு முதலில் யாஹூவில் பேசினார், 2018 ஜூலை 17 அன்று அது மூடியது. அப்புறம் ஸ்கைப். 2025 மே 5 அன்று அதுவும் போனது. நடுவில் எம்எஸ்என் 2013-லேயே ஸ்கைப்புக்குள் கரைந்திருந்தது, இந்தக் கூட்டத்துக்கெல்லாம் அண்ணனான ஐசிக்யூவுக்கு 2024 ஜூன் 26 கடைசி நாள். எங்கேயோ ஒரு கம்பெனி சர்வரை அணைத்தால் இங்கே பட்டாலையில் பேச்சு நின்றுபோகிறது. உத்தரத்துக் கயிற்றில் ஓடும் மெசஞ்சரை அணைக்க யாராலும் முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஏன் மாற்றினேன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்றதும் நான்கு கம்ப்யூட்டரை மாற்றினார்கள். புதுத் திரைகளில் பழைய மெசஞ்சரின் எழுத்து எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது, பெரிதாக்கினால் பொத்தான்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அதே நிரலின் புதுப் பதிப்பு வந்திருந்தது. போடலாமா என்று ஆச்சியிடம் மட்டும் கேட்டேன். “எழுத்துப் பெருசாத் தெரியணும் தம்பி, அம்புட்டுத்தான்” என்றார். எழுத்துப் பெரிதாகத் தெரிந்தது. கேட்க வேண்டிய மற்றவர்களைக் கேட்காமல் விட்டது என் தப்பு, அதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

46 கல் நடந்த அன்று மாலையே ஆறு கம்ப்யூட்டரிலும் எண்டர் அமைப்பைப் பழையபடி மாற்றினேன். முடிந்தது என்று நினைத்தேன். வியாழக்கிழமை ஷோரூமிலிருந்து போன். புதுப் பதிப்பில் செய்தி வந்தால் திரை ஓரத்தில் அதன் முதல் வரி எட்டிப் பார்க்கும். ஷோரூம் திரையோ, வருபவர்களுக்கு டிசைன் காட்டுவதற்காக அவர்கள் பக்கம் திருப்பி வைத்தது. மதுரையிலிருந்து வந்த தம்பதி பூவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, ‘இவுகளுக்குப் பழைய விலை சொல்லிடாதீக’ என்று ஆச்சி அறையிலிருந்து வந்த செய்தி அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே முளைத்தது. பழையதில் மூடிய உறை மட்டும்தான் வரும், திறந்தால்தான் எழுத்து தெரியும். அந்தத் தம்பதி பழைய விலைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. மூன்றாவது வாரத்தில்தான் முதுகெலும்பில் அடி விழுந்தது.

இடமா, ஆளா

பழைய மெசஞ்சரில் பட்டியலைத் திறந்தால் ஆள் பெயர் இருக்காது. கம்ப்யூட்டரின் பெயர்தான்: முகப்பு, பெட்டியடி, கணக்கு, ஆச்சி, பேக்கிங், பட்டறை. புதுப் பதிப்பு ஆளுக்கொரு கணக்கு கேட்டது, மின்னஞ்சல், படம், பெயர் எல்லாம் சேர்த்து. நானும் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த தம்பியின் மின்னஞ்சலை வைத்தே அவன் பெயரில் திறந்துகொடுத்தேன். படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், எல்லாருக்கும் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் திருப்பூரில் நல்ல வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். போகிறவன் ஒழுங்காகக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் போனான், அதுதான் வினை. மறுநாள் புதுப் பையன் உட்கார்ந்து திறந்தால் வெறும் திரை. யார் முன்பணம் கொடுத்தது, யாருக்கு எத்தனை கல் பாக்கி, எந்த லாரிக்கு வாடகை பேசியது எதுவும் இல்லை. பேக்கிங்கில் இருக்கும் அக்கா இரண்டு நாளாகக் கறுப்புக் கண்ணாடிக்கே செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். “வெளுத்துப்போய் நிக்கிது தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்” என்றார்.

அப்போதுதான் கணக்கப்பிள்ளை அண்ணன் என்னை உட்கார வைத்துப் பேசினார். இந்த ஊர்க்காரர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் கடைக்கு மேலாள் ஒருவர், அடுத்தாள் ஒருவர், பெட்டியடிப் பையன் ஒருவன். மூன்று வருஷத் தவணை முடிந்தால் மேலாள் ஊருக்குக் கப்பல் ஏறிவிடுவார், வேறொருவர் வந்து அதே பாயில், அதே பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவார். பேரேடு எங்கேயும் போகாது. அது கடையினுடையது. “ஆளு வருவான் போவான் தம்பி. பெட்டியடிக்கு வந்த செய்தி பெட்டியடியிலதான இருக்கணும்? நீ என்னான்னா அதைப் பையன் சட்டைப்பையில போட்டு அனுப்பிட்டே.”

மெசஞ்சர் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் கணிப்பு. நண்பர்கள் பேசிக்கொள்ளச் செய்த கருவி ஆளைப் பின்தொடர்வது நியாயம்தான், நண்பன் ஊர் மாறினாலும் நண்பன். வேலை செய்கிற இடத்தில் செய்தி நாற்காலிக்குப் போகிறது, நாற்காலியில் யார் என்பது இரண்டாம் பட்சம். சிங்கப்பூர் மகன் வாட்ஸ்அப் குரூப் போதுமே என்று சொன்னபோதும் இதே முட்டுக்கட்டைதான். அது போன் நம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், ஆனால் அந்த மூலப் போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும். பெட்டியடிக்கென்று ஒரு போன் வாங்கி, அதைச் சார்ஜ் போட்டு, யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் காவல் காக்க வேண்டும். வாட்ஸ்அப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாடிக்கையாளருக்குப் படம் அனுப்ப அதைவிட நல்லது இல்லை. வீட்டுக்குள் பேச அது சரிவராது.

யாருக்கு என்ன வேண்டும்

இந்தமுறை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு முகப்பிலிருந்து பட்டறை வரை நடந்தேன். ‘புதுப் பதிப்பில் என்ன வேண்டும்’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வரவில்லை, ‘பழையதில் எது இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள்’ என்று மாற்றிக் கேட்டதும் கொட்டினார்கள்.

மேஸ்திரிக்கு அந்த மூடிய உறை திரும்ப வேண்டும். இப்போதைய மெசஞ்சர்களில் படித்தால் டிக் விழுகிறதே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சாயக் கையோடு மவுஸைத் தொடாமல் திரையை எட்டிப் பார்த்தாலே டிக் விழுந்துவிடுகிறது, ஆனால் உறையைத் திறப்பது வேறு, “நான் தொறந்தேன்னா நான் பொறுப்பு” என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதற்கும் வாசலில் போட்டுவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம். எனக்கு இது தோன்றியதே இல்லை.

பேக்கிங் அக்கா கேட்டது, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது வந்த செய்தியும் மறுநாள் காலையில் கிடைக்க வேண்டும். மின்சாரம் போனால் அவர் பக்கத்துக்கு யுபிஎஸ் கிடையாது, அந்த நேரத்தில் அனுப்பியது அப்படியே காற்றில் போகும். 12 வருஷமாகக் கரண்ட் வந்ததும் முகப்பு வரை நடந்துபோய் “எதும் அனுப்புனீகளா” என்று கேட்டுவிட்டு வருவாராம். இதை ஒருநாளும் அவர் குறையாகச் சொன்னதில்லை, கரண்ட் போனால் நடப்பதும் வேலையில் சேர்த்தி என்றே நினைத்திருக்கிறார்.

ஷோரூம் பெண்ணுக்கு ஸ்டிக்கர் வேண்டும். புதுப் பெட்டியடிப் பையனுக்குக் கறுப்புப் பின்னணி வேண்டும். எழுதிக்கொண்டேன். ஆச்சிக்கு எழுத்துப் பெரிதாகிவிட்டது, அதோடு திருப்தி, ஆனால் முகப்பில் எட்டிப் பார்க்கும் வரியை மட்டும் உடனே ஒழித்துக்கட்டச் சொன்னார்.

கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு இரண்டு வேண்டும். எண்டர் தட்டினால் போகக் கூடாது என்பது ஒன்று. காரணம் கேட்டேன். ஏட்டில் பதிந்ததை அழித்துத் திருத்தும் பழக்கம் அவரிடம் கிடையாது. தப்பான பதிவை அப்படியே முதலில் எழுதி, கீழே திருத்தம் எழுதுவார். அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்தியும் அப்படித்தான், தப்பை மேலே, சரியைக் கீழே. மென்பொருளுக்கு அந்த மரபு தெரியவில்லை, தப்பை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இரண்டாவது அவருடைய 12 வருஷப் பழைய செய்திகள். அதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன செய்தேன்

கழற்றிய பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றில் லினக்ஸ் போட்டு, வீட்டுக்குள்ளேயே ஓர் எக்ஸ்எம்பிபி சர்வர் வைத்தேன். எக்ஸ்எம்பிபி என்பது செய்தி அனுப்புவதற்கான ஒரு பொது முறை. 1999-இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்று ஆரம்பித்தாரே, அதே வழி. 2004-இல் முறையான தரமாக வெளிவந்தது, யாருக்கும் தனிச்சொத்து கிடையாது. சர்வருக்குப் புரோசடி, மேஜைகளுக்குக் கஜிம், இரண்டும் இலவசம். ஆறு கணக்கு, ஆறும் இடத்தின் பெயரில். கடவுச்சொல் கணக்கப்பிள்ளை அண்ணனின் இரும்புப் பெட்டியில் ஒரு சீட்டில் இருக்கிறது. ஆள் மாறினால் படம்கூட மாறாது, பெட்டியடிக்கு ஒரு மரப்பெட்டியின் படம்தான். கரண்ட் இல்லாத நேரத்தில் வந்ததைச் சர்வர் பிடித்து வைத்துக்கொண்டு, பேக்கிங் அக்கா ஆன் செய்ததும் கொடுக்கிறது. கண்ட்ரோலோடு எண்டர் அடித்தால்தான் போகும். முகப்பில் அறிவிப்பில் எழுத்து தெரியாதபடி செய்தாயிற்று.

என் பெருமைக்கு இதில் ஓர் ஓட்டை. முன்பு அணைக்க எதுவுமே இல்லை, இப்போது அணைவதற்கு ஒரு சர்வர் இருக்கிறது, அதுவும் பத்து வயதுக் கிழக் கம்ப்யூட்டர். ஆகவே அதற்கு ஒரு யுபிஎஸ்ஸும் தினம் ஒரு காப்புப் பிரதியும் தனியாக. மேஸ்திரியின் உறைக்கு வழி கிடைக்கவில்லை. அவரே ஒரு வழி செய்துகொண்டார்: ஆர்டர் வந்ததும் அதே வரியை அப்படியே திருப்பி அனுப்புகிறார், கடைசியில் ‘தொறந்தேன்’ என்று சேர்த்து. ஸ்டிக்கருக்கு ஒருவரும் அசையவில்லை.

பழைய செய்திகள்

அண்ணன் தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர். பாமினி எழுத்துருவின் விசைகள் பெரும்பாலும் அந்தத் தட்டச்சு வரிசையிலேயே இருப்பதால், பழைய மெசஞ்சரில் பாமினியைத் தேர்ந்தெடுத்துவிட்டு 12 வருஷமாக அடித்துத் தள்ளியிருந்தார், மற்றவர்களும் அவரைப் பார்த்து அப்படியே. பாமினியில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட சட்டை. எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். புதுப் பதிப்பில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவே இடம் இல்லை. பழைய பதிவுகளை அது இழுத்துக்கொண்டபோது 12 வருஷமும் ஒரே இரவில் கிறுக்கலாகிவிட்டது. அண்ணன் அதைப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன், பேரேட்டில் தண்ணீர் கொட்டியதுபோல இருந்தது.

நல்லவேளை, மூலக் கோப்புகள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அப்படியே இருந்தன. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடாக மாற்றும் கருவியில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். தமிழ் அழகாக வந்தது. சிக்கல், நடுநடுவே ஷோரூம்காரர்கள் ஆங்கிலத்திலேயே அடித்திருந்த சொற்கள். கருவிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ரெட்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘சநன’ என்று வந்திருந்தது. வாடிக்கையாளர் பெயர்கள் இன்னும் மோசம், சிலது வாயில் நுழையாது. பெயர்களை அண்ணன் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, மார்கழி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். நிறத்தைத் திருத்த வேண்டாம், புரிகிறது என்று விட்டுவிட்டார்.

தை மாதம் கேபிள் கயிறு இற்றுப்போனதை மாற்றப் போயிருந்தேன். உத்தரத்துக்குக் கீழே ஏணியில் நிற்கும்போது கணக்கு அறைத் திரை தெரிந்தது. புதுப் பெட்டியடிப் பையன் எழுதியிருந்தான்: ‘சநன பூ, 8 அங்குலம், 120’. அதற்குக் கீழே பட்டறையிலிருந்து அதே வரி திரும்பி வந்திருந்தது, ‘தொறந்தேன்’ என்ற சொல்லோடு.